வடக்கே திரும்பிய நடுத்தெரு

டெல்லியில் ஆட்சி மாறிய அன்று காலை பத்தரை மணிக்கு, டீக்கடை டிவியில் கடைசி நாலு தொகுதி இன்னும் எண்ணி முடிக்காதபோதே, எங்கள் ஓடைக்கரைப்பட்டி நடுத்தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளில் நாற்பத்தோரு வீடுகள் வடக்கே திரும்பின. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கிரைண்டர் ஓடுவதைப்போலக் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. அடுப்பில் கொதித்த உலை சிந்தவில்லை, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் முழிக்கவில்லை, கொடியில் காய்ந்த துணிகள் மட்டும் ஒருமுறை வீசி அடங்கின. மேற்கே பார்த்திருந்த கிழக்கு வரிசை வீடுகளும் கிழக்கே பார்த்திருந்த மேற்கு வரிசை வீடுகளும், தெருவை நடுவில் விட்டு இத்தனை காலம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த வீடுகள், இப்போது ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களைப்போல ஒன்றின் பிடரியை ஒன்று பார்த்து நின்றன.

திரும்பாத ஒரு வீடு என்னுடையது.

ஏன் திரும்பவில்லை என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எனக்கு என்ன தெரியும். ஏன் திரும்பினீர்கள் என்று மற்ற நாற்பத்தோரு பேரையும் ஒருத்தரும் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும், அதை நான் மறக்கவும் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் எது நடந்தாலும் மூன்று நாள் பேசுவார்கள், நாலாம் நாள் அதோடு வாழப் பழகிவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டின் வாசலும் வடக்கு வீட்டின் குளியலறைச் சுவருக்கு மூன்றடி தள்ளித் திறந்ததால், தெற்கு வீட்டுக்காரி போட்ட கோலத்தில் வடக்கு வீட்டுக்காரி பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடியது. ஒரு மாதம் சண்டை நடந்தது, பிறகு ஆறு மணிக்குள் கோலம், ஏழு மணிக்கு மேல் பாத்திரம் என்று பெண்களே பேசி முடித்துக்கொண்டார்கள். தெருப்பக்கம் இடுக்கின் வாய் இன்னும் குறுகலாகிவிட்டதால், தபால்காரர் பின்பக்கச் சந்து வழியாக நுழைந்து ஒவ்வொரு இடுக்கிலும் உடம்பை ஒருச்சாய்த்துப் போய்க் கடிதம் கொடுத்தார். புதுமணப்பெண் வலது காலை எடுத்துவைத்து நேராக நுழைய முடியாததால் நண்டுபோலப் பக்கவாட்டில் நுழைந்தாள், அதற்கும் ஒரு குலவைப் பாட்டு உண்டானது. சங்கரபாண்டித் தேவர் செத்தபோது பாடையை அந்த மூன்றடிக்குள் திருப்ப முடியவில்லை. உடம்பை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, நிற்கவைத்தே சந்துவரை கொண்டுபோனார்கள். "மனுசன் நின்னுக்கிட்டே போனாருல்லா, யாருக்குக் கிடைக்கும்" என்று பெண்கள் ஒப்பாரியில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு செத்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டே போக ஆசைப்பட்டார்கள்.

தெருவைப் பார்த்து இருந்த பக்கச் சுவரில் ஒரு வாசல் வெட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அதை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு வாசல்நிலைதான். மஞ்சள் பூசி, நவதானியம் போட்டு, நேரம் பார்த்து வைத்த நிலையை விட்டு இன்னொரு வாசலை ஒருவன் வெட்டினால், அந்த வீட்டில் அண்ணன் தம்பி பங்கு பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நல்லா இருக்கிற குடும்பத்தில் ரெண்டாம் வாசல் என்று பேச்செடுத்தாலே பெண்கள் வாயில் அடித்துக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாசல் வெட்டி இருபத்தாறு வருஷம் ஆகிறது. நான்தான் வெட்டினேன்.

மாநில ஆட்சியை டெல்லி கலைத்த வருஷம் அது. தாலுகா ஆபீஸ் முன்னால் மறியல் செய்து நாங்கள் பதினோரு பேர் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனோம். இனி இப்படிச் செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். மூன்றாம் நாள் எங்களோடு வந்த தங்கப்பழம் எழுதிக் கொடுத்தான். அவனைப் பார்த்து என் தம்பி கொம்பையாவும் கையெழுத்துப் போட்டான். நான் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்த அன்றைக்கே கடப்பாரையை எடுத்து வீட்டின் வடக்குப் பாதியில் எனக்கென்று தெருப்பக்கம் ஒரு வாசல் வெட்டி, நடுவில் சுவரும் எழுப்பினேன். பழைய நிலை தம்பியின் தெற்குப் பாதிக்குப் போனது. எழுதிக் கொடுத்த தங்கப்பழம் பிற்பாடு மூன்று கட்சி மாறி ஒன்றியச் சேர்மன் ஆனான். நாற்பது நாள் இருந்த நான் அவன் மேடைகளுக்குக் கொடி கட்டுகிற கூலிக்காரன் ஆனேன். சுவர் எழுப்பிய அன்றிலிருந்து தம்பியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் என் மனைவி சீனியம்மாளிடம் அவன் காது கேட்கச் சொல்லுவேன். அவனும் அவளிடமே பதில் சொல்லுவான்.

வீடுகள் திரும்பிய அன்று அவன் பாதி மட்டும் பொதுச்சுவரில் பாதிச் செங்கல்லைப் பிய்த்துக்கொண்டு வடக்கே திரும்பியது. மீதி அரைச்செங்கல் கனத்தில் என் தெற்குச் சுவர் தோல் உரிந்ததுபோல நின்றது. இருபத்தாறு வருஷம் நான் முகம் பார்க்காத தம்பியின் வாசல், இப்போது அந்தச் சுவருக்கு மூன்றடி தள்ளி என்னைப் பார்த்துத் திறந்தது. அவன் இருமுவது, தும்முவது, அவன் பெண்டாட்டி முப்பிடாதி அவனைத் திட்டுவது எல்லாம் எனக்குக் கேட்கும். நான் கேட்காததுபோல இருந்தேன்.

வீடுகள் திரும்பிய செய்தி சென்னைக்குப் போனது. மாநிலத்தில் இருந்த ஆளும் கட்சிக்கும் டெல்லியில் புதிதாக வந்தவர்களுக்கும் அப்போது ஆகாது. பத்து நாளில் மந்திரி ஒருவர் வந்தார், தெருமுனையில் மேடை போட்டார்கள், கொடி நான்தான் கட்டினேன். "வடக்கே முறைக்கும் வீடுகள்" என்று முப்பதடி பேனர். "பாருங்கள், செங்கல்லும் சுண்ணாம்பும்கூட டெல்லியைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது!" என்று தங்கப்பழம் தொண்டை கிழியக் கத்தினான். நாங்கள் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஊர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. ஒரு மாதம்வரை பிள்ளைகூட வாசலில் நிற்கும்போது புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றது.

எட்டு மாதம் கழித்து ஆளும் கட்சியின் மாநிலத் தலைவர் விமானம் ஏறி டெல்லிக்குப் போய்ப் பொன்னாடை போர்த்திவிட்டு, சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். மறுநாள் அதே பேனரைத் தங்கப்பழம் என்னையே இறக்கச் சொன்னான். "முறைக்கும்" என்ற சொல்லின்மேல் "வணங்கும்" என்று ஒட்டினான், ஏற்றச் சொன்னான்.

"வே தங்கப்பழம், வீடு அப்படியேதான நிக்கி?" என்றேன்.

"நிக்கட்டும் அண்ணாச்சி. பாக்குத விதத்துலதான இருக்கு."

"கண்ணு உமக்கா, வீட்டுக்கா?"

"உம்ம வீடு இன்னும் கிழக்கயே பாத்துக்கிட்டு இருக்கே, அதுக்கு முதல்ல ஒரு கண்ணு டாக்டர வச்சுப் பாரும்" என்று சொல்லிவிட்டு, கூட வந்தவர்கள் சிரிக்கக் காரில் ஏறினான்.

டெல்லியோடு ஒட்டானதும் திட்டம் வந்தது. நடுத்தெரு அகலமான தெரு, தேர் ஓடுகிற தெரு. இப்போது அதில் யாருக்கும் வாசல் இல்லை, எல்லாரும் பின்பக்கச் சந்தில்தான் போக வர இருக்கிறார்கள், அதனால் அதைத் தெரு என்று சொல்ல முடியாது, அந்த இடத்தில் டெல்லித் தலைவர் பேரில் கடைகளும் மண்டபமும் சேர்ந்த ஒரு வளாகம் கட்டலாம் என்று கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். கட்டப்போகிறவன் தங்கப்பழத்தின் மச்சினன். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். தம்பியும் தூக்கினான், பார்த்தேன்.

"எனக்கு வாசல் இருக்கே" என்று எழுந்து நின்றேன்.

"ஒரு வாசலுக்கு ஒரு தெருவா அண்ணாச்சி?" என்றான் தங்கப்பழம். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் பேர் சொல்லுவேன்.

முப்பது நாளில் வீட்டை வடக்கே திருப்ப வேண்டும், இல்லையென்றால் இடிக்கப்படும், குளத்துக்கு அந்தப் பக்கம் மூணு சென்ட் மாற்று இடம் தரப்படும் என்று நோட்டீஸ் வந்தது. என் வீட்டைத் திருப்ப எனக்கே தெரியாது. தெரிந்தாலும் திருப்பியிருக்க மாட்டேன். நோட்டீஸை வாசல் நிலையிலேயே ஆணி அடித்து வைத்தேன். சீனியம்மாள் மாத்திரம் தினமும் விளக்கு ஏற்றும்போது, "அந்தக் குளத்தங்கரையில பாம்பு கெடக்குமாம்" என்று பொதுவாகச் சொல்லுவாள்.

இருபத்தோராம் நாள் டெல்லியில் மறுபடியும் ஆட்சி மாறியது. கூட்டணிக்குள் யாரோ யாரையோ விட்டுவிட்டுப் போனார்கள், நம்பிக்கை ஓட்டெடுப்பில் கவிழ்ந்தது. டிவியில் அது வந்ததும் ஊர் முழுக்க வெளியே வந்துவிட்டது. வீடுகள் திரும்பிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். பாத்திரங்களை இறக்கிக் கீழே வைத்தார்கள், தொட்டில்களை அவிழ்த்தார்கள், ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து குளத்தங்கரையில் கட்டினார்கள். பகல் முழுக்க வெயிலில் நின்று தங்கள் வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வீடுகள் அசையவில்லை. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருத்தராகப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு, ஒருச்சாய்ந்து உள்ளே போனார்கள். திரும்பும்போது சொல்லாமல் திரும்பிய வீடுகள், ஆள் காத்திருக்கும்போது திரும்பவில்லை என்ற வருத்தம் பலருக்கு.

ஆட்சி மாறிவிட்டது, இனி வளாகமும் கிடையாது நோட்டீஸும் கிடையாது என்று நானும் கொஞ்சம் நம்பித்தான் இருந்தேன். நாலாம் நாள் மாநிலத் தலைவர் மறுபடியும் விமானம் ஏறினார், வேறு ஆளுக்கு வேறு பொன்னாடை. பேனரில் "வணங்கும்" என்பதன்மேல் "வரவேற்கும்" என்று மூன்றாவது காகிதம் ஒட்டச் சொல்லித் தங்கப்பழம் ஆள் அனுப்பினான். நான் போகவில்லை. வேறு யாரோ ஒட்டினார்கள். வளாகத்தின் பேரில் பழைய தலைவர் பெயர் போய்ப் புதிய தலைவர் பெயர் வந்தது. நோட்டீஸில் தேதி மட்டும் மாறவில்லை. ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்று நினைப்பது மறியலுக்குப் போகிறவனின் புத்தி. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவனுக்குத் தெரியும், எது மாறாது என்று.

முப்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஜேசிபி வந்தது. கூட வி.ஏ.ஓ. அம்மா, நாலு போலீஸ், தங்கப்பழம். நானும் சீனியம்மாளும் வாசலுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். தெரு ஆட்கள் இடுக்கு இடுக்காக நின்று எட்டிப் பார்த்தார்கள். வாசல் இல்லாத தெரு அல்லவா, யாரும் முழுதாக வெளியே வர முடியாது, தோளும் தலையும்தான் தெரிந்தன.

அந்த வி.ஏ.ஓ. அம்மா தேனிப் பக்கத்துப் பெண், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன் என்று ஏற்கனவே இரண்டு பேரிடம் பொல்லாப்பு வாங்கியவள். இடிப்பதற்கு முன்னால் நேரில் பார்த்ததை மகஜராக எழுத வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். எழுதினதை நின்றுகொண்டு சத்தமாகப் படித்தாள்: "மேற்படி தெருவை இன்று நேரில் பார்வையிட்டதில், மேற்படி மாடக்கண்ணுவின் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டுக்கும் மேற்படி தெருவில் வாசல் இல்லை."

"கொம்பையா, வாடே" என்று தங்கப்பழம் கூப்பிட்டான். "ஒன் அண்ணன்கூடத்தான் ஒனக்குப் பேச்சில்லையே. போடு ஒரு கையெழுத்து. இது என்ன ஒனக்குப் புதுசா?"

தம்பி இடுக்கிலிருந்து ஒருச்சாய்ந்து வெளியே வந்தான். அறுபத்திரண்டு வயது, முழங்கால் வீங்கியவன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பேனாவை வாங்கினான். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தான். பேனா மூடியைக் கழற்றினான். பிறகு மூடினான்.

"எம்மா, இது இந்த நிமிசம் உண்மைதானா?"

"ஆமாங்கய்யா. நீங்களே பாருங்க."

"அப்ப ஒரு பத்து நிமிசம் பொறுங்க" என்று பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஒருச்சாய்ந்து உள்ளே போனான்.

முதலில் முப்பிடாதியின் குரல்தான் கேட்டது. "ஏ கிறுக்கு மனுசா, அதுல எஞ் சாமிப் படம் இருக்குய்யா!" பிறகு சாமிப் படத்தைக் கழற்றுகிற சத்தம். பிறகு, தெருவைப் பார்த்திருந்த அவன் பக்கச் சுவரில், என் கண்ணுக்கு நேரே, சுண்ணாம்பு ஒரு இடத்தில் புடைத்தது, விரிந்தது, கடப்பாரையின் கூர் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வந்து நின்றது.

நல்ல நேரம் பார்க்காமல், பங்கும் பிரியாமல், ஒருவன் ரெண்டாம் வாசல் வெட்டுகிறான். கடப்பாரை உள்ளே போனது, மறுபடி வந்தது. செங்கல் இரண்டு தெருவில் விழுந்து உருண்டது. ஓட்டை வழியாகத் தம்பியின் வாயும் மூக்கும் தெரிந்தன.

"எம்மா! இப்பப் படிங்க, எத்தன வாசல்னு!"

"கொம்பையா, ஒனக்கு என்ன மூளை கலங்கிப் போச்சா?" என்று தங்கப்பழம் ஓடினான். "சுவரை இடிக்கிறது குத்தம், தெரியுமா?"

"எஞ் சுவருவே. எம் வீடு. நா என்ன டெல்லியிலயா போய் இடிக்கேன்?"

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை சிரித்தது யார் என்று எனக்குத் தெரியாது, அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அடுத்தபடியாக எதிர்வரிசையில், தபால்காரர் கடைசியாகப் போகிற வீட்டில், தும் தும் என்று கேட்டது. அங்கே கடப்பாரை இல்லை, உலக்கையால் இடித்தார்கள். அப்புறம் எங்கள் வரிசையில் மூன்று வீட்டில் ஒன்றாகக் கேட்டது. ஒன்றரை வருஷமாக ஒருத்தர் குளியலறையைப் பார்த்து ஒருத்தர் கோலம் போட்ட பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். கிணறு வெட்டுகிற சம்மட்டி வந்தது, வேலிக் கம்பி நெம்புகிற கம்பி வந்தது, ஒரு வீட்டில் அம்மிக் குழவியாலேயே இடித்தார்கள். தெரு முழுக்கச் செம்மண்ணும் சுண்ணாம்பும் புகையாக எழும்பி, ஜேசிபிக்காரன் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டியை அணைத்தான். அணைத்துவிட்டு, "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்று புதிதாகத் திறந்த ஒரு வாசலில் கை நீட்டினான்.

வி.ஏ.ஓ. அம்மா தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். தங்கப்பழம் பின்னாலேயே போனான். "இதெல்லாம் வாசல் இல்லம்மா, ஓட்டை. ஓட்டைன்னு எழுதுங்க."

"ஆள் வந்து போறாங்களே சார்" என்றாள் அவள். உண்மையில் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு வேலையும் இல்லாதவர்கள்கூட உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, முன்னால் நேராக, தோளைச் சாய்க்காமல் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் பூட்டிக் கிடந்த மூன்று வீடுகளையும் தெருமுனையிலிருந்த தங்கப்பழத்தின் மாடி வீட்டையும் தவிர, முப்பத்தெட்டு வாசல். எழுதியதைக் கிழித்துவிட்டு அவள் புதிதாக எழுதினாள். ஜேசிபி பின்னோக்கியே போனது, செங்கல் குவியல்களுக்கு நடுவே திரும்ப இடமில்லாமல்.

மறுநாள் "நடுத்தெருவை மீட்ட நாயகரே" என்று தங்கப்பழத்தின் படம் போட்டு நாற்பதடி பேனர் வந்ததும், அடுத்த மாதம் மந்திரி வந்து எங்கள் வாசல்களைப் பார்த்துவிட்டு இது மாநில அரசின் சாதனை என்றதும் ஊரறிந்தது. அதை நான் சொல்லிப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. அன்றைய மத்தியானத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

எல்லாரும் கலைந்த பிறகு நான் கட்டிலை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி வெட்டின வாசலில் மேல்வரிசைச் செங்கல்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. அவசரத்தில் மேலே தாங்குகட்டை கொடுக்காமல் வெட்டிவிட்டான். அவனுக்கு எப்போதும் அவசரம்தான், ஜெயிலிலும் அப்படித்தான்.

"மேல முட்டுக் குடுக்கலேன்னு சொல்லு" என்றேன் சீனியம்மாளிடம், அவன் காது கேட்க.

"மதினி, முட்டுக்கட்டை பரண்மேல கெடக்குன்னு சொல்லுங்க. எடுக்கணும்னா செவுத்த விடணும். விட்டா எல்லாம் எந் தலையிலதான் விழும்" என்றான் அவன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் செங்கல்களை ஏந்திக்கொண்டு நின்றான். சுண்ணாம்பு விழுந்து மீசை வெள்ளையாகியிருந்தது, மீசை முன்பே வெள்ளைதானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்து நாளாகிறது.

சீனியம்மாள் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொரு செங்கல் இறங்கியது. நான் போய், அவன் கைக்குப் பக்கத்தில் என் இரண்டு கையையும் கொடுத்துச் சுவரைத் தாங்கினேன். அவன் மெதுவாகத் தன் கைகளை உருவிக்கொண்டு கட்டை எடுக்கப் பரணுக்கு ஏறினான். அந்த வாசலில், பாதி உடம்பு தெருவிலும் பாதி உடம்பு அவன் வீட்டிலுமாக, பாரம் முழுக்க என் தோளில் இறங்க நான் நின்றுகொண்டிருந்தேன். முப்பிடாதி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து, என் கை இரண்டும் மேலே இருந்ததால், அவளே என் வாயில் ஊற்றினாள்.

குடித்தேன். அதற்காகத் தம்பியிடம் பேசிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.